கோட்டு மாட்டிய கை

“போட மாட்டேன்.”

தடுப்பூசிக் கிடங்கின் காப்பாளர் அந்த வார்த்தையை மூன்றாவது தடவையாகச் சொன்னார். முதல் தடவை அழுதுகொண்டே சொன்னார். இரண்டாவது தடவை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இந்தத் தடவை மருத்துவமனை நிர்வாகியின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். மேசைமேல் பேனா தொடுவாரில்லாமல் காகிதத்தின் குறுக்கே படுத்துக் கிடந்தது.

காகிதத்தில் நாலே வரி. நேற்று என் கவனக்குறைவால் குளிரறைக் கதவு நாற்பது நிமிடம் திறந்து கிடந்தது. இரண்டு அலமாரித் தடுப்பூசிகள் வெப்பம் ஏறி வீணாயின. இதற்கு நானே காரணம். எந்த நடவடிக்கைக்கும் சம்மதம். அடியில் காப்பாளரின் பெயர்.

அறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த மிளகு அதைத் தலைகீழாகவே படித்து முடித்தாள். துப்பறிகிறவருக்கு உதவியாளர் வேலையில் அவள் முதலில் கற்ற பாடம் தலைகீழாகப் படிப்பது. ஆள் உயரம் கம்மி, வாய்க்காரம் ஜாஸ்தி, அதனால் மிளகு. அவளுடைய முதலாளி எதற்கும் அவசரப்படாதவர். அவரை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிட்டார்கள்.

“சார்,” என்று அவர் காதருகே கிசுகிசுத்தாள். “பின்னாடி பாருங்க. அந்தக் கோட்டுக்குள்ள யாராவது இருக்காங்களா?”

நிர்வாகியின் முதுகுக்குப் பின்னால் அவருடைய கறுப்புக் கோட்டு மாட்டியில் தொங்கியது. கழுத்துவரை எல்லாப் பொத்தானும் போட்டு, கை மடிப்புக் கலையாமல், ஆள் இல்லாமலே விறைப்பாக நின்றது. நிதானம் அதை ஒரு கணம் பார்த்தார்.

“மூணு மணிக்கு மேலிடத்துலேர்ந்து விசாரிக்க வர்றாங்க,” என்றார் நிர்வாகி. “அதுக்குள்ள இதுல கையெழுத்து வேணும். போட்டா கண்டிப்போட விட்டுடலாம். போடலேன்னா வேலை போகும். இன்னொரு ஆஸ்பத்திரியில மருந்துக் கிடங்குப் பக்கமே நிக்க முடியாது.”

“தெரியும் சார்.”

“அப்ப அந்த நாப்பது நிமிஷம் எங்க இருந்தீங்கன்னாவது சொல்லுங்கம்மா. இதை இப்பவே கிழிச்சுப் போடறேன்.”

“ஒருத்தங்க அழுதாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.”

“யாரு? எங்க?”

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். குளிரறைக்குள்ள இல்ல. அது சத்தியம். கதவு திறந்து கிடக்கறதைப் பார்த்து ஓடி வந்து உங்ககிட்ட சொன்னதே நான்தானே? மறைக்கறவ அப்படிச் சொல்வாளா?”

மிளகுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இன்று காலையில் காப்பாளரின் நாத்தனார் இவர்களுடைய அலுவலகப் படி ஏறி வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. “எங்க அண்ணிக்குப் பொய் வராதுங்க. வந்திருந்தா எங்கம்மா சமையலைப் பத்தி ஒருதடவையாவது சொல்லியிருப்பாங்க. பதினாலு வருஷமா உப்பு அதிகம்னு உண்மையைச் சொல்லியே வாங்கிக் கட்டிக்கறாங்க.”

நிர்வாகி ஒரு துண்டுச் சீட்டை நிதானத்தின் பக்கம் நகர்த்தினார். “உங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். கதவுல கார்டு வச்சாத்தான் திறக்கும். அந்த இயந்திரம் குடுத்த வரி இது. காப்பாளர் கார்டு, பதினொண்ணு பத்து, பதினொண்ணு அம்பது. உள்ள போனாங்க, நாப்பது நிமிஷம் கழிச்சு வெளிய வந்தாங்க. இயந்திரத்துக்கு யார்மேலயும் பகை கிடையாது.”

“பாசமும் கிடையாதே சார்,” என்றாள் மிளகு.

நிதானம் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. “இந்த ஒரு வரிதானா?”

“இது போதாதா?”

“ஒரு வரியை மட்டும் படிச்சா எந்தக் கடுதாசியும் காதல் கடுதாசி மாதிரித்தான் இருக்கும்,” என்றாள் மிளகு. நிதானம் எழுந்தார். எப்போதும் போல ஒரு நொடி கண்ணை மூடி, மனத்துக்குள் கடவுளைக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார். மணி ஒன்று ஐந்து.

நடையில் மிளகு அவரைப் பிடித்தாள். “அழுதவங்க யாருன்னு நான் அரை மணியில கண்டுபிடிச்சுடுவேன் சார். ஊசி போட வரிசையில நிக்கற நாலு பேர்கிட்ட பேச்சுக் குடுத்தாப் போதும். கேஸ் முடிஞ்சது.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“அந்தம்மா வேலை போனாலும் பரவாயில்லைன்னு ஒரு வாக்கைக் காப்பாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அதை நாம பின்வாசல் வழியாப் போய் உடைக்கறதா? அப்படித்தான் ஜெயிக்கணும்னா நான் தோத்துட்டே போறேன். வேற வழி இருக்கும், வா.”

மிளகு முணுமுணுத்தாள். ஆனால் போனாள்.

மருத்துவமனையின் மின்சாரம், மோட்டார், மணி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு கம்பிச்சுருள் தொங்கும். அதனால் பெயர் வயர். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அவருடைய அறையில் பிரித்துப் போட்ட விசிறிகளுக்கு நடுவே இவர்களுக்கு முக்காலி தேடினார். மிளகு ஒரு பழைய பாட்டரிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

“கதவுப் பெட்டி நீங்க செஞ்சதா?”

“என் கையாலதான்.” வயரின் முகத்தில் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தன. மேசை இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகையை எடுத்தார். “இது முழுக் கம்ப்யூட்டர். ஒரே பலகைதான். இதே மாதிரி இன்னொண்ணு குளிரறைகிட்ட இருக்கு. இதோட கார்டு ரீடரைச் சேர்க்கணும். ஏழு கம்பி, அவ்வளவுதான். முதல் ரீடருக்கு மூணு புள்ளி மூணு வோல்ட்டுக்குப் பதிலா அஞ்சு வோல்ட் குடுத்துட்டேன். ஒரு சின்னப் புகை, ஆள் அவுட். ரெண்டாவது ரீடர் முதல் கார்டைப் படிச்சு அந்த நம்பர் திரையில வந்தப்ப, என் பொண்ணு முதல்முதலா அப்பான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.”

“மொத்த வரிகளையும் பார்க்கலாமா?” என்றார் நிதானம்.

வயர் திரையைத் திருப்பினார். மூன்று வாரத்துக் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் ஒரு கார்டு எண், இரண்டு நேரம். மேலே தலைப்பு எதுவும் இல்லை. மிளகு விரலால் ஓட்டிக்கொண்டே வந்தாள். பத்து இருபது முதல் நொடி, பத்து இருபது மூன்றாம் நொடி. இரண்டு நொடி. மூன்று நொடி. இரண்டு. இரண்டு. வாரம் முழுக்க அப்படியே.

அவள் விரல் நின்றது.

“சார். எல்லாரும் ரெண்டு நொடியில குளிரறைக்குள்ள போய் மருந்து எடுத்து வெளிய வந்துடறாங்களா? இது ஆஸ்பத்திரியா, ஓட்டப்பந்தயமா?”

“உள்ள போறது வர்றது இல்லம்மா அது,” என்றார் வயர். “முதல் நேரம் கார்டு பட்ட நேரம். ரெண்டாவது கார்டை எடுத்த நேரம்.”

அறையில் விசிறி ஒன்று தானாகச் சுழன்று நின்றது.

“இதை நிர்வாகிகிட்ட சொன்னீங்களா?”

“அவர் கேக்கலையே. அந்த வரியை மட்டும் அச்சடிச்சுக் குடுன்னார், குடுத்தேன்.” வயரின் குரல் இறங்கிவிட்டது. “தலைப்பு போட்டிருக்கணும். எனக்குத் தெரியுமேன்னு போடாம விட்டுட்டேன்.”

“அப்ப நேத்து,” என்று மிளகு எழுந்தே விட்டாள், “நாப்பது நிமிஷம் ஒரு கார்டு ரீடர்மேலயே இருந்திருக்கு! பஸ்ல கம்பியைப் பிடிச்சாலே ரெண்டு நிறுத்தத்துல கை மாத்தறவ நான். நாப்பது நிமிஷம் யாரு சுவத்துல கார்டை அழுத்திக்கிட்டு நிப்பாங்க? மனுஷக் கையே இல்ல சார் இது.”

“கார்டு அங்கேயே இருந்தா கதவு என்ன ஆகும்?” நிதானம் வயரைக் கேட்டார்.

“காந்தம்தான் கதவைப் பிடிச்சு வச்சிருக்கு. கார்டு இருக்கற வரைக்கும் விட்டுடும். ரெண்டு கையிலயும் தட்டு வச்சுக்கிட்டு வர்றாங்களா, அவசரமா மூடிட்டா இடிச்சுக்குவாங்களேன்னு அப்படி எழுதினேன். கார்டு கோட்டுப் பையில இருந்தாப் போதும், நெஞ்சால சுவத்தைத் தொட்டுட்டுப் போவாங்க.” அவர் பச்சைப் பலகையைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார். “கதவோட ரப்பர் தேஞ்சிருக்கு. காந்தம் விட்டா, கதவு தானா ஒரு சாண் விலகும்.”

நல்லெண்ணத்தில் எழுதிய ஒரு வரி. அதற்குப் பின்னால் வயர் இரவெல்லாம் தூங்கமாட்டார் என்று மிளகுக்குத் தெரிந்தது. அவர் தோளைத் தட்டினாள். “ரீடரைக் காட்டுங்க அண்ணே. சுவத்துல கார்டை வச்ச பேயைப் பிடிப்போம்.”

குளிரறைக் கதவு நடையின் கோடியில் இருந்தது. பக்கத்தில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அதன்மேல் பச்சைப் பெயிண்டில் ஒரு வட்டம். வட்டத்தில் கார்டை வைத்தால் கதவில் ‘டக்’ என்று காந்தம் விட்டது. ரீடர் கண்ணில் படவில்லை.

“பின்னாடி இருக்கு,” என்றார் வயர். “வெளிய வச்சா இடிச்சு உடைப்பாங்க. மரம் ரேடியோவைத் தடுக்காதே? அதனால பலகைக்கு அந்தப் பக்கம் ஒட்டினேன்.”

“அந்தப் பக்கம் என்ன?”

“கோட்டு மாத்தற அறை.”

மிளகு முன்னால் ஓடினாள். சுற்றிப் போனால் ஒரு குறுகிய அறை. குளிரறைக்குள் போகிறவர்கள் போடும் பஞ்சடைத்த நீலக் கோட்டுகள், ஒரு முக்காலி, குளிர் இயந்திரத்தின் ஓயாத உறுமல். பலகையின் இந்தப் பக்கத்தில் ரீடர் மூடியில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு சாண் மேலே ஓர் ஆணி.

“அது நான் வேலை செய்யறப்ப டார்ச் மாட்ட அடிச்சது,” என்றார் வயர் மெதுவாக.

காப்பாளரையும் கூட்டி வந்தார்கள். மிளகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள். “அக்கா, நேத்து உங்க கோட்டு எங்க இருந்தது?”

“இந்த ஆணியிலதான். எப்பவும் இங்கதான் மாட்டுவேன். நேத்து ஒரு அவசரம், கழட்டி முக்காலியில போட்டுட்டு ஓடினேன். கார்டு நெஞ்சுப் பையிலயே இருந்தது. திரும்பி வந்து ஆணியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

“முடிஞ்சுது!” மிளகு கையைத் தட்டினாள். “கோட்டு ஆணியில தொங்குது, பையில கார்டு, முன்னாடி ரீடர். குளிரறைக்குள்ள யாருமே போகல. கோட்டு கதவைத் திறந்திருக்கு! அக்கா, மாட்டிக் காட்டுங்க.”

கார்டு பையிலேயே இருக்க, காப்பாளர் கோட்டை ஆணியில் மாட்டினார்.

சத்தமே இல்லை.

வயர் எடுத்து மறுபடி மாட்டினார். காந்தம் அசையவில்லை. மூன்றாவது தடவை மிளகே மாட்டினாள். காப்பாளர் செய்த மாதிரியே செய்தாள். அவளுடைய ஊகம் ஆணியில் செத்துத் தொங்கியது.

“மூணு வாரமா தினமும் இங்கதான் மாட்டறேன்,” என்றார் காப்பாளர். “இது காரணமா இருந்தா தினமும் கதவு திறந்திருக்கணுமே?” அவருக்குச் சாதகமான ஒன்றை அவரே மறுத்துச் சொல்கிறார்! மிளகுக்குக் கோபமும் மரியாதையும் ஒன்றாகப் பொங்கின.

நிதானம் கோட்டின் அருகே போனார். “உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி மாட்டறீங்களே, ஏன்?”

“எல்லாரும் அப்படித்தான். உள்ளத் துணி வேர்வையில நனைஞ்சிடும். திருப்பிப் போட்டாத்தான் அடுத்தவங்களுக்குக் காயும்.”

“அப்ப நெஞ்சுப் பை அறைப் பக்கம் வந்துடும். கார்டுக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு அடுக்குப் பஞ்சு.” அவர் சற்று நிறுத்தினார். “நேத்து நீங்க ஆணியிலேர்ந்து எடுத்தப்பவும் இப்படித்தான் இருந்துதா?”

காப்பாளரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

“ஜிப் போட்டிருந்தது. கழுத்து வரைக்கும். இழுத்துத் திறக்க நேரமாச்சு… கோட்டு நேர்ப்பக்கமா இருந்தது. ஐயோ, நான் முக்காலியிலதானே போட்டேன்? ஆணிக்கு எப்படி வந்தது?”

“வேற யாரோ மாட்டியிருக்காங்க,” என்றார் நிதானம், ஆணியிலிருந்த கோட்டை எடுத்து முக்காலிமேல் போட்டுக்கொண்டே. “இந்த அறையில வேலை செய்யாத, திருப்பி மாட்டற பழக்கம் தெரியாத ஒருத்தர்.”

“அப்படியா?”

வாசலில் நிர்வாகி. கையில் அதே காகிதம், அதே பேனா. மணி இரண்டே முக்கால். வயர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். காந்தம், கார்டு, பலகை, பஞ்சு. நிர்வாகி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“நல்லது. அப்ப கோட்டை மாட்டினவங்கதான் காரணம். இந்த அறையைக் கூட்டித் துடைக்கறவங்க ஒருத்தங்க இருக்காங்க இல்ல? அவங்களாத்தான் இருக்கும். மூணு மணிக்கு ஒரு பேர் வேணும். உங்க பேரை அடிச்சுட்டு அவங்க பேரைப் போட்டுடறேன். நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டாப் போதும்.”

“போட மாட்டேன்.”

“இப்ப உங்களுக்கு என்னம்மா?”

“என்மேல பழி வந்தப்ப எப்படி வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும். பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதி அதை இன்னொருத்தங்க தலைல இறக்க மாட்டேன். அவங்க செஞ்சிருந்தாலும்தான் என்ன? கீழ கிடந்த துணியை எடுத்து மாட்டறது ஒரு குத்தமா சார்?”

“ரெண்டு அலமாரி மருந்து போயிருக்கு! யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்!”

அப்போது நிதானத்தின் முழங்கை அசைந்ததை மிளகு ஒருத்திதான் பார்த்தாள். முக்காலிமேல் கிடந்த கோட்டு வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

நிர்வாகி பேச்சை நிறுத்தவே இல்லை. “பொறுப்புன்னா என்னன்னு இங்க ஒருத்தருக்காவது தெரியுதா…” என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். கோட்டை எடுத்தார். தூசி தட்டினார். உள்ளே போயிருந்த கைகளை வெளியே இழுத்து நேர்ப்பக்கமாகத் திருப்பினார். “…ஒரு பொருளை இடத்துல வைக்கறதுகூடப் பொறுப்புதான்…” ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார். காலரை நீவிவிட்டு ஆணியில் மாட்டினார். கோட்டின் நெஞ்சு பலகையோடு ஒட்டிப் படிந்தது.

டக்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், குளிரறைக் கதவு மெல்லிய பெருமூச்சோடு விலகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வயர் ஓடிப்போய் அதைச் சாத்தி முதுகால் அழுத்திக்கொண்டார்.

நிர்வாகி ஆணியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“நேத்து…” என்றார். “உங்களைத் தேடிக்கிட்டு வந்தேன். நீங்க இல்ல. கோட்டு தரையில கிடந்தது. யாராவது மிதிச்சுடுவாங்களேன்னு… எனக்கு இது ஞாபகமே இல்லம்மா. கடவுள் சாட்சியா ஞாபகமே இல்ல.”

மிளகின் நாக்கு நுனியில் ஏழு வார்த்தை தயாராக நின்றன. ஏழும் தரமானவை. நிதானம் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏழையும் விழுங்கினாள், எட்டாவது மட்டும் தப்பி வந்தது.

“ஞாபகம் வச்சுக்கிட்டுச் செய்யறவங்களைவிட அது மேல்தான் சார்.”

அது குத்தலாக வந்திருக்க வேண்டியது. எப்படியோ ஆறுதலாக வந்துவிட்டது. அவளுக்கே ஏமாற்றம்.

நிர்வாகி காகிதத்தைச் சுவரில் வைத்துக் காப்பாளரின் பெயரை அடித்தார். அங்கே தன் பெயரை எழுதத் தொடங்கினார்.

“எழுதாதீங்க,” என்றார் காப்பாளர்.

“நான்தானேம்மா மாட்டினேன்?”

“மாட்டினீங்க. யாரோ ஒருத்தியோட கோட்டு மிதிபடக் கூடாதுன்னு மாட்டினீங்க. அதுக்குப் பேர் கவனக்குறைவுன்னு எழுதின காகிதத்துல சாட்சிக் கையெழுத்துகூடப் போட மாட்டேன்.”

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நிர்வாகி வாசல் பக்கம் திரும்பினார். “வந்துட்டாங்க. அவங்க கேப்பாங்களே, நான் எதை எழுதிக் குடுக்க?”

“நடந்ததை எழுதுங்க. கதவு ரப்பர் தேஞ்சிருக்கு. ரீடர் பலகைக்குத் தப்பான பக்கத்துல இருக்கு. அதுக்கு மேல ஆணி இருக்கு. பட்டியலுக்குத் தலைப்பு இல்ல. கதவு திறந்து கிடந்தா கத்தறதுக்கு ஒரு மணிகூட இல்ல. கார்டைக் கழுத்துல போடாம கோட்டுல விட்டுட்டுப் போனேன், அதையும் எழுதுங்க. இன்னைக்கே சரி பண்ணணும்னு எழுதுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன். காரணம்னு ஒரு மனுஷர் பேர் தனியா இருந்தா மட்டும், என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் போட மாட்டேன்.”

நிர்வாகி பழைய காகிதத்தை நாலாகக் கிழித்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த வயர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே, “மணி நான் மாட்டறேன் சார், இன்னைக்கே!” என்று கத்தினார். காப்பாளர் சொல்லச் சொல்ல, புதுத் தாளில் நிர்வாகி முக்காலிமேல் குனிந்து எழுதினார். பேனா முதலில் காப்பாளர் கைக்குப் போனது. அவர் கையெழுத்து நேராக, தெளிவாக விழுந்தது. அதற்குக் கீழே நிர்வாகி போட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். நீலக் கோட்டு இன்னும் ஆணியில் விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினார். ஜிப்பை இறக்கினார். கையை உள்ளே விட்டுத் திருப்ப முயன்றார். ஒரு கை மட்டும் வந்தது, இன்னொன்று சிக்கிக்கொண்டது.

“இதை எப்படிம்மா மாட்டணும்?”

காப்பாளர் சிக்கியிருந்த கையை வெளியே இழுத்துக் கொடுத்தார்.